42 படி, 7 பேர், ஒரு வண்டி

இந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கனமழையில் மண் சரியும் என்று பயந்து, மாலை 4.50-க்கு வீட்டுக் கதவைப் பூட்டினேன். 5.01-க்கு ஏழு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். 5.29-க்கு கோத்தகிரி டவுனில் மைத்துனர் வீட்டு வாசலில் அம்மாவை இறக்கிவிட்டோம். மொத்தம் 39 நிமிடம். இந்த 39 நிமிடத்துக்கு வந்து சேர எனக்கு 14 மாதம் ஆனது. நடுவில் ஒரு வண்டியை வாங்கி நஷ்டத்துக்கு விற்றேன், ஒரு நாற்காலியை உடைத்தேன். மலையில் வீடு வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்று, நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டச் சரிவில் இருக்கிறது. தெரு மேலே, வீடு கீழே. தெருவிலிருந்து வாசலுக்கு 42 படி. சமையலறைக்குப் பின்னால் மண்ணை வெட்டித்தான் வீடு கட்டியிருக்கிறோம். அந்த வெட்டு 9 அடி உயரம். நான் வயரிங் வேலை செய்பவன். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். எதிர் வீட்டில் ஓர் அக்காவும் அவர் மகளும். அக்காவின் கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். மழைக்காலத்தில் அந்த இரண்டு பேரும் எங்கள் கணக்குத்தான்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் பல இடங்களில் அடித்துக்கொண்டு போயின. அன்று இரவு நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு மேலே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனோம். அம்மாவுக்கு அப்போது 58 வயது, எங்களுக்கு முன்னால் ஏறிப் போனார். இப்போது 74. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார், தொடர்ந்து படி ஏற முடியாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மண் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை அப்படியே கொண்டுபோனதை டிவியில் பார்த்துவிட்டு, அம்மா பல நாள் சரியாகத் தூங்கவில்லை. மழை பெய்யும் இரவெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பார். ஆகஸ்ட் மாதம், அவசரத்துக்கு ஒரு வண்டி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். அதுவரை என்னிடம் இருந்தது பைக் மட்டும்தான்.

முதல் தப்பு அங்கேயே ஆரம்பித்தது. யார் ஏறப்போகிறார்கள், எந்த வழியாகப் போகப்போகிறோம் என்று அளக்காமல், எந்த வண்டி எங்கும் ஏறும் என்று தேடினேன். சேற்றிலும் பாறையிலும் ஏறும், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டிகளின் வீடியோக்களைத்தான் ஒரு மாதம் பார்த்தேன். கடைசியில் 2010 மாடல் ஜிப்ஸி ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்ரோல் எஞ்சின், ஃபோர் வீல் லீவர் தனியாக இருக்கும். அகலமும் குறைவு, எங்கள் சந்தில் அருமையாகத் திரும்பியது. ஆர்.சி. 15 ஆண்டு முடியும் தறுவாயில் இருந்ததால் எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்க, பிரேக் வேலை பார்க்க என்று 31,000 செலவானது. தோட்டத்து மண் பாதையில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல வண்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிப் பார்க்கலாம் என்று, தம்பி முறையுள்ள இரண்டு பையன்களை வரவழைத்து, அவரைப் பிடித்துப் பிடித்து மேலே கொண்டுவந்தோம். ஜிப்ஸிக்கு முன்னால் இரண்டு கதவுதான். பின்னால் உட்காருபவர்கள் பின்பக்கமாக ஏற வேண்டும். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைப்பதாகத் திட்டம். தரையிலிருந்து வண்டியின் தளம் 24 அங்குலம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். கால் ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிட்டது. மறுபடி தூக்கினார். மூன்றாவது முறை நான் கையால் தூக்கி வைக்கப் பார்த்தபோது வலியில் கண் மூடிக்கொண்டார். "தம்பி, வண்டிய நல்லாத்தான் வாங்கியிருக்க. என்னைத்தான் ஏத்த முடியல" என்றார்.

அன்று சாயங்காலம்தான் டேப்பை எடுத்தேன்.

அம்மா சிரமமில்லாமல் தூக்கக்கூடிய உயரம் 8 அங்குலம். வீட்டு வாசல் படியில் அளந்து பார்த்ததில் 7 அங்குலப் படியை, ஒரு கையால் பிடித்துக்கொண்டால், ஏறிவிடுகிறார். உட்காரும் சீட்டு அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே திருப்பிக்கொள்ள முடிகிறது. எடை 61 கிலோ. ஏழு பேர் எடையும் சேர்த்தால் 370 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அதோடு பைகள். இந்த நாலு எண்ணும் கையில் இருந்திருந்தால் ஜிப்ஸி பக்கமே போயிருக்க மாட்டேன். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி இரண்டையும் நாலு பேர் வண்டி என்பதால் அப்போதே அடித்துவிட்டிருக்கலாம்.

அடுத்தது பாதை. வீட்டு வாசல் தெருவிலிருந்து இணைப்புச் சாலை வரை 140 மீட்டர் கான்கிரீட் சந்து. போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கிறது. அதைத் தரையில் வைத்துப் பார்த்தால் செங்குத்தான இடத்தில் 17 டிகிரி காட்டியது. 100 அடி போனால் 30 அடி ஏறுகிறது என்று அர்த்தம். சந்தின் குறுகலான இடம் ஒரு கரண்டு கம்பத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில், 7 அடி 4 அங்குலம். அங்கிருந்து டவுனுக்கு இரண்டு வழி. கீழ் வழி 5.1 கி.மீ., மேல் வழி 6.4 கி.மீ. இரண்டிலும் மழை விட்ட மறுநாள் பைக்கில் போய், எங்கே மண்ணை வெட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள், எங்கே தண்ணீர் சாலையைக் கடக்கிறது என்று நோட்டில் குறித்தேன். கீழ் வழியில் 11 வெட்டு, மூன்று சிறு பாலம். மேல் வழியில் 4 வெட்டு, பாலமே இல்லை. ஒன்றேகால் கிலோமீட்டர் அதிகமானாலும் மேல் வழிதான் என்று அன்றே முடிவானது.

பலரும் கேட்பார்கள், மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டால் நிம்மதிதானே என்று. கோத்தகிரியிலிருந்து 33 கி.மீ., நல்ல சாலைதான். ஆனால் கனமழையில் முதலில் சரிவது மலைப்பாதையின் வெட்டுகள். குன்னூர்ப் பாதையும் அப்படியே. மழைக்குப் பயந்து கிளம்பி, மழை பெய்யும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக இறங்குவதைவிட, மேட்டில் சமதளமாக இருக்கும் உறவினர் வீடு மேல். மைத்துனர் வீடு அப்படிப்பட்ட இடம். அதுவும் முடியாவிட்டால் முகாமாகத் திறக்கும் பள்ளிக்கூடம், அது 2 கி.மீ. தான். ஆக எனக்குத் தேவைப்பட்டது மலையேறும் வண்டி அல்ல. ஏழு பேரோடு, ஈரமான 17 டிகிரி கான்கிரீட்டில் ஏறி, 6 கிலோமீட்டர் தார்ச்சாலையில் போகிற வண்டி.

பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் மாருதி ஆம்னி வேன் இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். தளம் 17 அங்குலம்தான். ஒரு செங்கல்லும் பலகையும் போட்டதும் அம்மா தானாகவே ஏறி உட்கார்ந்தார். தள்ளும் கதவு என்பதால் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் ஏறலாம். எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்ததும் சந்து இணைப்புச் சாலையில் சேரும் மேட்டில் வண்டியின் அடிவயிறு தட்டியது, ஈரத்தில் 17 டிகிரியில் இழுக்கவும் இல்லை. மூன்று பேர் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அதே மாதிரி வேன், ஆனால் எஞ்சின் பெரியதான ஈக்கோவையும் யோசித்தேன். இழுத்துவிடும், ஆனால் அந்த மேட்டில் அடி தட்டும் என்ற பயம் போகவில்லை. வாசல் வரை ஒழுங்கான தார்ச்சாலை உள்ளவர்கள், வயதானவர்களை வைத்திருப்பவர்கள், தயங்காமல் தள்ளுகதவு வேன் பக்கம் போகலாம். எங்கள் வீட்டு அளவுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஜிப்ஸியை தை மாதம் 3,25,000-க்குக் கொடுத்தேன். செலவோடு பார்த்தால் 46,000 நஷ்டம்.

மஹிந்திரா பொலிரோவுக்கு வந்தது இப்படித்தான். நாலு கதவு, பின்னால் ஒரு கதவு, ஏழு பேருக்கு இடம், தரையிலிருந்து அடிப்பாகம் 180 மி.மீ., டீசல். முக்கியமாக, எங்கள் பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஸ்பேர் கிடைக்கும். அகலம் 5 அடி 9 அங்குலம், கண்ணாடிகளை மடக்காமலே கம்பத்தையும் சுவரையும் தாண்டிவிடும். கதவைத் திறக்க மட்டும் அந்த இடத்தில் வழியில்லை, ஆகவே ஏற்றும் இடம் கம்பத்துக்கு முன்னால் என்று முடிவானது. காரமடையில் ஒரு காய்கறி வியாபாரியிடமிருந்து 2014 மாடலை 4,35,000-க்கு வாங்கினேன். ஃபோர் வீல் கிடையாது. பின் சக்கரம்தான் இழுக்கும். இந்த முறை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை மேலே கொண்டுவரச் சொல்லி, அம்மாவை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசினேன். தளம் 23 அங்குலம், நடுவில் 16 அங்குலத்தில் கால்வைக்கும் படி. தரைக்கும் அந்தப் படிக்கும் நடுவில் 8 அங்குலத்தில் இன்னொரு படி இருந்தால் அம்மா ஏறிவிடுவார். கணக்கு சரியாக வந்தது.

வாங்கிய பிறகு, ஏழு பேரோடு சந்தில் ஏற்றியதும் கிளட்ச் வழுக்கியது. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. தீய்ந்த வாசனை. சமவெளியில் ஓடிய வண்டியில் இது வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது. வாங்கும்போது ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்தது என் தப்பு. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 10,400. பட்டறை அண்ணன் சொன்னார், "ஏத்தத்துல பாதி கிளட்ச்சுல நிக்காத, ஹேண்ட் பிரேக்குல நில்லு. அப்பத்தான் இது அஞ்சு வருஷம் வரும்." பின் டயர் இரண்டும் புதிது போட்டேன், 13,200. பேட்டரி நாலு வருடப் பழசு. மார்கழிக் குளிரில் டீசல் வண்டிக்கு அது போதாது என்று மாற்றினேன், 7,200.

ஏசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மலையில் ஏசி எதற்கு என்று காஸ் போன கம்ப்ரஸரை அப்படியே விட்டிருந்தேன். வீட்டிலிருந்து எல்லோரும் கிளம்பிப் பார்க்கும் ஒத்திகைகள் சில செய்தோம், அதில் இரண்டாவது மழையில் நடந்தது. நனைந்த ஏழு பேரும் ஏறிக் கதவைச் சாத்தினோம். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக ஆவி படிந்துவிட்டது. வெளியே மேகம் இறங்கியிருக்கிறது, உள்ளே கண்ணாடி தெரியவில்லை. மனைவி துணியால் துடைத்துக்கொண்டே வர, அடுத்த நொடி மறுபடி மங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் மழை அம்மா மேல் அடிக்கிறது. 200 மீட்டர் போய் நிறுத்திவிட்டோம். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் ஒரு நிமிடத்தில் கண்ணாடி தெளிகிறது. கசிவை அடைத்து காஸ் ஏற்ற 3,100 ஆனது. என் செலவிலேயே உபயோகமான செலவுகளில் ஒன்று. மஞ்சள் ஃபாக் லைட் ஒரு ஜோடி 1,900, வயரிங் நானே செய்தேன்.

மேலே கேரியர் மாட்டி மூட்டைகளைப் போடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஏற்றுவதற்கு ஒருவர் மேலே ஏற வேண்டும், சந்தில் தாழ்ந்து தொங்கும் கேபிள் வயர் இடித்தது, வளைவில் வண்டி ஆடியது. மறுநாளே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அம்மா வண்டியில் ஏறுவதற்கான அந்த 8 அங்குலப் படிக்கு வருகிறேன். 18-க்கு 12 அங்குலம் செக்கர் பிளேட், ஆங்கிள் இரும்புக் கால், உயரம் 8 அங்குலம். வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. காய்ந்த தரையில் பிரமாதமாக இருந்தது. மழையில் வைத்தால் கால் ஒரு அங்குலம் மண்ணில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா பயந்து காலை எடுத்துவிட்டார். நாலு காலின் அடியிலும் 3 அங்குலச் சதுரத் தகடு வெல்டு வைத்ததும் நின்றது. கதவுச் சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் போல்ட் போட்டு மாட்டினேன். மொத்தம் 1,650. படிக்கு ஒரு கயிறு கட்டி, கடைசியில் ஏறுபவர் இழுத்து உள்ளே போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

வண்டியும் படியும் இருந்தும் முதல் ஒத்திகையில் "கிளம்பு" என்று சொன்னதிலிருந்து எல்லோரும் வண்டியில் உட்கார 31 நிமிடம் ஆனது. அதில் வண்டியில் ஏறியது 4 நிமிடம்தான். மீதி முழுக்க அந்த 42 படி. ஒவ்வொன்றும் 7 அங்குலம், சேர்த்துப் பார்த்தால் 24 அடிக்கு மேல் உயரம். நான் வண்டியையே யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் வண்டி 42 படிக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது.

சாலை இல்லாத மலைக் கிராமங்களில் டோலி கட்டித்தான் நோயாளிகளைத் தூக்கிவருகிறார்கள். அதற்கு நாலைந்து ஆள் வேண்டும். எங்களுக்கு இருப்பது நானும், மனைவியும், அக்காவும். முதலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, நான் பின்னாலும் பையன் ஒருவன் முன்னாலும் தூக்கினோம். 17-ஆவது படியில் பின்கால் ஒன்று மடங்கிக் கைப்பிடி விரிசல் விட்டது. நல்லவேளை சுவர்ப் பக்கமாகச் சாய்ந்தோம். அம்மாவைப் படியிலேயே உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நாற்காலியைச் சோதிக்க ஆளையே தூக்கிப் பார்த்திருக்கக் கூடாது. அதற்கப்புறம் நாற்காலி சரியாகும் வரை 45 கிலோ யூரியா மூட்டையும் 15 கிலோ அரிசிப் பையும்தான் அம்மாவுக்குப் பதில் ஏறின.

பழைய இரும்புக் கடையில் கைப்பிடியில்லாத இரும்புச் சட்ட நாற்காலி ஒன்று 400-க்குக் கிடைத்தது. முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப் 12 அடி வாங்கி, இரண்டாக வெட்டி, சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் யூ கிளாம்ப் போட்டு முறுக்கினேன். ஆறு அடிப் பைப் 26-ஆவது படியில் திரும்பவில்லை. அங்கே படி வளைகிறது, சமதளம் மூன்று அடிக்கு மூன்றரை அடிதான். பைப்பை 5 அடியாக வெட்டினேன். அப்போதும் திரும்பும்போது கைப்பிடிச் சுவருக்கு மேலாக ஒரு முனையைத் தூக்க வேண்டும், ஆனால் முடிகிறது. நாற்காலி மேல்நோக்கிப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சாயும்போது முதுகு நாற்காலியில் படிகிறது. திருப்பி வைத்தால் முன்னால் சரிகிறார். மூட்டையை வைத்துப் பார்த்தபோதே இது தெரிந்தது, மூட்டை உருண்டு மூன்று படி கீழே போய் நின்றது. கார் உடைக்கும் இடத்திலிருந்து ஒரு பழைய சீட் பெல்ட்டை இடுப்புக்குப் போட்டேன்.

கடைசியாகச் செய்ததுதான் எல்லாவற்றையும் சுலபமாக்கியது. இரண்டு அங்குல நைலான் நாடாவை பைப்பின் முனைகளில் கட்டி, தூக்குபவரின் கழுத்துக்குப் பின்னால் தோள் வழியாகப் போட்டோம். எடை தோளுக்குப் போய்விட்டது, கை வெறும் நிதானத்துக்கு மட்டும். அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 72 கிலோ. கீழ்ப்பக்கம் நான், மேல்பக்கம் அக்கா. அக்கா தோட்டத்தில் இலை பறித்துச் சுமந்து பழகியவர், என்னைவிட நிதானமாக ஏறுவார். 15-ஆவது படியிலும் 26-லும் இறக்கி மூச்சு வாங்கிக்கொள்வோம். ஒன்பது நிமிடம் ஆனது நாலரை நிமிடத்துக்கு வந்தது. நாற்காலி, பைப், கிளாம்ப், பெல்ட், நாடா எல்லாம் சேர்த்து 2,370.

இரண்டாவது ஒத்திகையில் 22 நிமிடம். மூன்றாவதில் 14. நான்காவதை இரவில், மெயினை அணைத்துவிட்டுச் செய்தோம், 19 ஆகிவிட்டது. காரணம், வண்டி சந்தின் உள்ளே மூக்கைக் காட்டி நின்றது. இருட்டில் அதைத் திருப்பவே நாலு நிமிடம். அதுவும் ஒரு தடுப்புச் சுவரின் அடியில்! அந்தச் சுவர் விழுந்தால் வண்டியே போயிருக்கும். அன்றிலிருந்து வண்டியை எப்போதும் பின்னால் ஓட்டி வந்துதான் நிறுத்துகிறேன். மழை எச்சரிக்கை வந்தால் தடுப்புச் சுவரை விட்டுத் தள்ளி, கம்பத்துக்கு இந்தப் பக்கம், மூக்கு ஏற்றத்தைப் பார்த்தபடி. டீசல் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. கரண்டு போனால் பங்க்கும் நின்றுவிடலாம்.

பின்சீட்டுக்கு அடியில் அரிவாள், கை ரம்பம், கடப்பாரை, மண்வெட்டி, 20 மீட்டர் கயிறு, ஈர மண்ணில் ஜாக்கி இறங்காமல் இருக்க ஓர் அடிச் சதுரப் பலகை. இவை 3,800. வாசல் ஆணியில் ஒரு பை: அம்மாவின் 10 நாள் மாத்திரை, ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, போன் சார்ஜர். தண்ணீருக்குப் பத்து லிட்டர் எவர்சில்வர் கேன். எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அவசரத்துக்குக் கடையில் வாங்கலாம் என்று இருக்க முடியாது.

எப்போது கிளம்புவது என்பதற்கும் ஓர் அளவு வைத்தோம். நேர்ப் பக்கமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை மொட்டை மாடியில் வைத்து, காலை 8.30-க்குக் காலி செய்வேன். ஸ்கேலால் அளந்தால் மழை மி.மீ.-யில் வந்துவிடும். வானிலைத் துறைக் கணக்கில் ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.-க்கு மேல் கொட்டியதும் இதே மலையில்தான். எங்கள் விதி: முந்தைய இரண்டு நாளும் மழை பெய்து மண் ஊறியிருந்து, மாலை 4 மணிக்கு டப்பாவில் 70 மி.மீ. இருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவது. யாரும் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது. நானும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை 4.15-க்கு 78 மி.மீ. இருந்தது. அதைவிட என்னைக் கிளப்பியது வேறு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊற்று உண்டு, எந்த மழையிலும் தெளிவாகத்தான் வரும். அன்று செம்மண் கலங்கி வந்தது. சமையலறைக் கதவும் நிலையில் பிடித்துக்கொண்டு திறக்க மறுத்தது. இரண்டும் மண் நகர்வதன் அறிகுறியாக இருக்கலாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லிவிட்டு, எதிர் வீட்டு வாசலில் நின்று "அக்கா, கிளம்பலாம்" என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்தார்.

மூன்றாவது கிலோமீட்டரில் சில்வர் ஓக் கிளை ஒன்று சாலையில் கிடந்தது, முழங்கை தடிமன். அக்காவின் மகள் டார்ச் பிடிக்க, ஐந்து நிமிடத்தில் ரம்பத்தால் அறுத்து ஓரமாக இழுத்துப் போட்டோம். கண்ணாடி ஒருமுறைகூட மங்கவில்லை. அம்மா நடுசீட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி, சின்னவளிடம் 2009 கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை திரும்பினோம். டப்பாவில் 163 மி.மீ. நின்றது. பின்னால் இருந்த வெட்டில் நாலு அடி அகலத்துக்கு மண் பெயர்ந்து, அம்மாவின் அறை ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரம் குவிந்திருந்தது. சுவர் நின்றது. அடுத்த மழைக்கு அது நிற்குமா என்று தெரியாது, அதற்கு வேறு வேலை நடக்கிறது.

செலவைத் திருப்பிப் பார்க்கிறேன். பொலிரோ 4,35,000. அதற்கு மேல் நான் செய்த வேலைகள், கருவிகள் எல்லாம் சேர்ந்து 43,620. அதில் படியும் நாற்காலியும் சேர்த்து 4,020 ரூபாய்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் அந்த 4,020-ஐத்தான் முதலில் செலவு செய்வேன். வண்டி வாங்கப் பணம் இல்லாதவர்களும் நாற்காலியைச் செய்து வைத்துக்கொண்டு, மேலே தெருவில் வண்டி வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். வாங்குபவர்கள், ஏற முடியாத ஆள் யாரோ அவரை முதலில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு வீட்டார் எல்லோரையும் ஏற்றி, ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

ஒரு பெரிய ஓட்டை இன்னும் இருக்கிறது. வண்டி ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேலையாகக் குன்னூரிலோ ஊட்டியிலோ இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் வண்டி சந்தில் சும்மா நிற்கும். மனைவிக்கு எல்.எல்.ஆர். எடுத்தாகிவிட்டது. ஞாயிறு காலைகளில் சந்தில் பழகுகிறார். அந்த 17 டிகிரியில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பதுதான் பாடம். போன வாரம் ஐந்து முறையில் மூன்று முறை சரியாக எடுத்தார். காய்ந்த தரையில், வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அடுத்த ஞாயிறு பின்சீட்டில் யூரியா மூட்டைகளை ஏற்றிவிட்டுப் பார்க்கப்போகிறோம்.